கடல் பார்களும் குளிர்கால மீன்பிடிப்பும்: மெக்சிகோ வளைகுடாவின் 200 ஆண்டுக் கதை

கரையில் நின்று பார்ப்பவர்களுக்கு, கடல் முழுவதும் மீன் இருப்பது போலத் தோன்றும். தூண்டில் போடுபவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். மணலும் சேறுமாக மைல் கணக்கில் கிடக்கும் கடலடியில் சில இடங்களில் மட்டும் பாறைத் திட்டுகள் தலைதூக்கி நிற்கும். அங்கேதான் மீன் கூடும். குமரி முதல் ராமேஸ்வரம் வரை உள்ள மீனவர்கள் இந்தத் திட்டுகளைப் 'பார்' என்று சொல்வார்கள். பாரில் சிப்பியும் பாசியும் ஒட்டும். அவற்றைத் தின்ன நண்டும் சிறு மீனும் வரும். சிறு மீனைத் தின்னக் களவாவும் சங்கராவும் வரும். அவற்றைப் பிடிக்க மனிதன் வருவான்.

இந்தக் கட்டுரை நம் கடலைப் பற்றியது அல்ல. அமெரிக்காவின் தெற்கே மெக்சிகோ வளைகுடாவில், கரையை ஒட்டிய பார்களிலும் ஆழ்கடல் பார்களிலும் குளிர்காலத்தில் நடந்த மீன்பிடிப்பின் வரலாறு இது. ஒரே தவறை மனிதர்கள் 200 ஆண்டுகளாக வெவ்வேறு கருவிகளோடு செய்து வந்த கதை என்றும் சொல்லலாம்.

ஏன் குளிர்காலம்?

வளைகுடாவின் வடகரையில் நவம்பர் முதல் மார்ச் வரை வடக்கிலிருந்து குளிர்காற்று அலை அலையாக இறங்கும். இரண்டு நாள் பலமாக வீசும், பிறகு சில நாள் அடங்கும், மறுபடி வீசும். ஆழம் குறைந்த காயல்களும் கழிமுகங்களும் சீக்கிரம் குளிர்ந்துவிடும். ஆழக் கடல் அவ்வளவு சீக்கிரம் குளிராது. அதனால் பல மீன்கள் குளிர் தொடங்கியதும் கரையை விட்டு ஆழத்துக்கு நகர்கின்றன. 'காக்' என்ற களவா இனத்தின் குஞ்சுகள் கோடை முழுவதும் கரையோரக் கடற்புல்லில் வளர்ந்துவிட்டு, முதல் குளிர்காற்று வந்ததும் வெளிக்கடல் பார்களை நோக்கிக் கிளம்பிவிடும்.

கிளம்பாமல் தங்கிவிட்டால் என்ன ஆகும்? 2021 பிப்ரவரியில் டெக்சாஸைத் தாக்கிய கடும் குளிரில் கரையோரத்தில் குறைந்தது 38 லட்சம் மீன்கள் செத்ததாக அந்த மாநிலத்தின் வனவிலங்குத் துறை கணக்கிட்டது.

எல்லா மீனும் ஓடிவிடுவதில்லை. 'ஷீப்ஸ்ஹெட்' என்ற வரி போட்ட மீன், குளிரிலும் பாலத் தூண்களையும் கரையோரப் பார்களையும் விடாமல் சுற்றும். அதன் பல்வரிசை மனிதப் பல் போலவே இருக்கும். தூணில் ஒட்டிய கொட்டலசைக் கடித்து உடைத்துத் தின்னும். குளிர்காலக் கடைசியில் முட்டையிடுவதற்காக இன்னும் பெரிய கூட்டமாகச் சேரும். கரையோரத் தூண்டில்காரர்களுக்கு இன்றும் குளிர்காலம் என்றால் இந்த மீன்தான்.

ஆக, குளிர்காலம் மீனைப் பரவ விடாமல் குறிப்பிட்ட இடங்களில் சேர்த்து வைக்கிறது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருவதெல்லாம் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

உயிர் மீன் கப்பல்கள்

1821-இல் ஃப்ளோரிடா ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவின் கைக்கு வந்தது. அதன் பிறகு சில ஆண்டுகளிலேயே, வெகு வடக்கே உள்ள கனெக்டிகட் மாநிலத்தின் மிஸ்டிக், நோவாங்க் போன்ற ஊர்களிலிருந்து மீன்பிடிக் கப்பல்கள் குளிர்காலத்தில் தெற்கே வரத் தொடங்கின. சொந்த ஊரில் கடும் குளிர், வேலை குறைவு. கீ வெஸ்ட் தீவைச் சுற்றிய பார்களிலோ களவா மீன் நிறைந்து கிடந்தது. பிடித்த மீனை ஹவானாவுக்குக் கொண்டுபோய் உயிரோடு விற்றார்கள். கோடை வந்ததும் ஊர் திரும்பினார்கள்.

ஐஸ் இல்லாத காலத்தில் மீனை எப்படி உயிரோடு கொண்டு போனார்கள்? கப்பலின் நடுப்பகுதியில் தண்ணீர் கசியாத தடுப்புச் சுவர்களை எழுப்பி ஒரு தொட்டி கட்டினார்கள். அந்தத் தொட்டிக்குக் கீழே கப்பலின் அடிப்பலகையில் வேண்டுமென்றே துளைகள் போட்டார்கள்! கடல்நீர் தானாக உள்ளே வந்து வெளியே போகும். மீன் கப்பலுக்குள்ளேயே நீந்திக்கொண்டு ஊர் போய்ச் சேரும். 1866-இல் நோவாங்கில் கட்டப்பட்ட 'எம்மா சி. பெர்ரி' என்ற இந்த வகைக் கப்பல் இன்றும் மிஸ்டிக் கடல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. மீனின் வயிற்றில் காற்றுப்பை உண்டு. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல 4 மடங்கு. அங்கிருந்து மீனைச் சட்டென்று இழுத்தால் காற்றுப்பை ஊதிப் பெருத்து, இரைப்பை வாய் வழியாகப் பிதுங்கும். மீன் மல்லாந்து மிதக்கும். அந்தக் காலத்து மீனவர்கள் கூரான குழல் ஊசியால் வயிற்றோரம் குத்திக் காற்றை வெளியேற்றித் தொட்டியில் விட்டார்கள். அதிக ஆழத்து மீனுக்கு அதுவும் பலிக்கவில்லை. எனவே உயிர் மீன் வியாபாரம் ஆழம் குறைந்த பார்களோடு நின்றது.

வந்தவர்களில் சிலர் திரும்பிப் போகவில்லை. நியூ லண்டனைச் சேர்ந்த லெனார்ட் டெஸ்டின் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஃப்ளோரிடாவின் வடமேற்குக் கரையில் குடியேறினார். இன்று சுற்றுலா மீன்பிடிப் படகுகளுக்குப் பேர்போன டெஸ்டின் நகரம் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

ஐஸ், ரயில், சிவப்பு மீன்

உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தது. அதன் பின் ஃப்ளோரிடாவின் பென்சகோலா துறைமுகம் ஒரே ஒரு மீனால் பெயர் பெற்றது. அதுதான் 'ரெட் ஸ்நாப்பர்'. நம் மீன் கடைகளில் சங்கரா, செப்பிலி என்று கிடைப்பவற்றில் சில இதற்கு நெருங்கிய உறவு. இதன் அறிவியல் பெயரின் இரண்டாம் பகுதி 'கேம்பச்சேனஸ்'. மெக்சிகோவின் கேம்பச்சே பகுதியைக் குறிக்கும் இந்தப் பெயரை 1860-இல் சூட்டியவர் கியூப அறிஞர் ஃபெலிப்பே போயே.

தொடக்கத்தில் இதுவும் குளிர்காலத் தொழிலாகத்தான் இருந்தது. வெயில் காலத்தில் மீன் சீக்கிரம் கெட்டுவிடும். குளிரில் தாங்கும். மேலும் கத்தோலிக்கர்கள் நிறைந்த நியூ ஆர்லியன்ஸில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் மீனுக்குக் கிராக்கி அதிகம். பிறகு ஐஸ் வந்தது. முதலில் வடக்கின் ஆறுகளில் வெட்டிய ஐஸ் கட்டிகளைக் கப்பலில் கொண்டு வந்தார்கள், அப்புறம் உள்ளூரிலேயே ஐஸ் தொழிற்சாலை. 1880-களில் ரயில் தொடர்பும் வலுப்பட்டது. ஐஸ் பெட்டியில் அடுக்கிய சிவப்பு மீன், கடலையே பார்த்திராத உள்நாட்டு நகரங்களுக்கும் போனது.

ஐஸ் வந்ததும் உயிர் மீன் தொட்டிக்கு வேலை இல்லாமல் போயிற்று. மீன் உயிரோடு வர வேண்டிய கட்டாயம் இல்லை என்றால் எவ்வளவு ஆழத்திலிருந்தும் இழுக்கலாம் அல்லவா? ஆழ்கடல் பார்களின் கதவு திறந்தது இப்படித்தான்.

ஈயக்குண்டும் சோப்பும்

கண்ணுக்குத் தெரியாத பாரை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கயிற்றில் கட்டிய ஈயக்குண்டை இறக்கி ஆழம் பார்ப்பார்கள். ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்வது எல்லாக் கடலோரத்திலும் உண்டு. ஒரு பாகம் 6 அடி. குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் சோப்பையோ கொழுப்பையோ அப்பி வைப்பார்கள். குண்டு தரையைத் தொட்டு மேலே வரும்போது அடியில் இருப்பது அதில் ஒட்டிக்கொண்டு வரும். சேறு ஒட்டினால் அடுத்த இடம் போகலாம். சிப்பித் துண்டும் பவளத் துண்டும் ஒட்டினால் பார் பக்கத்தில் இருக்கிறது. அதே கயிற்றில் இரை கோத்த தூண்டிலும் தொங்கும். மீன் கடித்துவிட்டால் சந்தேகமே இல்லை. மிதவையைப் போட்டு இடத்தைக் குறித்துக்கொண்டு எல்லோரும் கைத்தூண்டிலை இறக்குவார்கள்.

இந்த விவரங்கள் இன்று கிடைப்பதற்கு முக்கியக் காரணம் சைலஸ் ஸ்டேர்ன்ஸ் (1859-1888). பென்சகோலாவில் மீன் வியாபாரம் செய்துகொண்டே அமெரிக்க மீன்வள ஆணையத்துக்குத் தகவல் சேகரித்தவர். வளைகுடாவின் மீன் தொழில் பற்றி அவர் எழுதியது, ஜார்ஜ் பிரவுன் கூட் தொகுத்து 1884 முதல் 1887 வரை வெளிவந்த பெரும் அறிக்கையில் இடம்பெற்றது. அவர் பெயரில் சில மீன் இனங்களே உண்டு. இளம் வயதிலேயே இறந்துபோன ஒருவர் இவ்வளவு செய்திருக்கிறார்.

கிட்டத்துப் பார் காலியானது

ஸ்டேர்ன்ஸ் காலத்திலேயே பென்சகோலாவுக்கு அருகில் இருந்த பார்களில் மீன் குறையத் தொடங்கிவிட்டது. அரசு என்ன செய்தது? 1885-இல் 'அல்பட்ராஸ்' என்ற ஆராய்ச்சிக் கப்பல் வளைகுடாவின் ஸ்நாப்பர் பார்களை ஆராய்ந்தது. மீனவர்களுக்கும் சரி, அரசுக்கும் சரி, அன்று மனதில் இருந்தது ஒரே கேள்வி: அடுத்த பார் எங்கே?

கப்பல்கள் கிழக்கே ஃப்ளோரிடாக் கரையோரமாகப் போயின. பிறகு 1890-களிலிருந்து வளைகுடாவின் மறுபக்கத்துக்கே, யுகட்டான் தீபகற்பத்தை ஒட்டிய கேம்பச்சே திட்டுக்கே போனார்கள். பென்சகோலாவிலிருந்து அது ஏறத்தாழ 800 கி.மீ. தொலைவு. பாய்மரக் கப்பலில், குளிர்காலத்து வடகாற்றில் போய்த் திரும்ப வேண்டும். வீட்டு வாசலில் கிடைத்த மீனுக்காக ஒரு கடலையே கடக்க வேண்டியதாயிற்று. 1976-இல் மெக்சிகோ தன் கரையிலிருந்து 200 கடல் மைல் வரை பொருளாதார மண்டலமாக அறிவித்தது. சில ஆண்டுகளில் அந்தக் கதவும் மூடியது.

பார் இல்லையா? செய்துவிடலாம்!

அலபாமா மாநிலத்தின் கடலடி பெரும்பாலும் வெறும் மணலும் சேறும்தான். இயற்கைப் பார்கள் மிகக் குறைவு. அங்கே ஆரஞ்ச் பீச் என்ற ஊரின் வாடகைப் படகுக்காரர்களுக்கு ஒரு யோசனை வந்தது. 1953-இல் 250 பழைய கார்களின் கூடுகளைக் கடலில் இறக்கினார்கள். கொஞ்ச காலத்தில் அங்கே ஸ்நாப்பர் கூடியது. அவ்வளவுதான், எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது.

1970-களில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து லிபர்ட்டி சரக்குக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. 1990-களில் ராணுவத்தின் பழைய டாங்குகள் போயின. கான்கிரீட் குழாய்கள், பாலத்து இடிபாடுகள் எல்லாம் போயின. ஆயிரம் சதுர மைலுக்கும் அதிகமான கடற்பரப்பு செயற்கைப் பார்களுக்காக ஒதுக்கப்பட்டது. 2006 மே 17 அன்று பென்சகோலாவுக்கு அப்பால் 'ஒரிஸ்கனி' என்ற, ஏறத்தாழ 900 அடி நீளமுள்ள விமானந்தாங்கிக் கப்பலையே வெடிவைத்து மூழ்கடித்தார்கள். லூசியானா பக்கம் எண்ணெய்க் கிணற்று மேடைகளே பார்களாக மாறின. கரை கண்ணுக்குத் தெரியாத தொலைவில் முதல் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்டது 1947-இல். பின்னர் அந்த மேடைகளின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் பெருகியது.

எல்லாம் வெற்றி அல்ல. ஃப்ளோரிடாவின் அட்லாண்டிக் பக்கம், ஃபோர்ட் லாடர்டேலுக்கு அருகில் 1970-களில் சுமார் 20 லட்சம் பழைய டயர்களைக் கட்டி இறக்கினார்கள். கட்டுகள் துருப்பிடித்தும் அறுந்தும் போயின. டயர்கள் உருண்டுபோய்ப் பக்கத்தில் இருந்த இயற்கைப் பவளப் பாறையை இடித்து நாசம் செய்தன. மீன் சேரவில்லை. அவற்றை வெளியே எடுக்கும் பெரிய வேலை 2007-இல் தொடங்கியது.

கருவிகளும் மாறின. சோப்பு தடவிய ஈயக்குண்டின் இடத்துக்கு எக்கோ சவுண்டர் வந்தது. பிறகு லோரான் என்ற ரேடியோ வழிகாட்டி, அப்புறம் ஜிபிஎஸ். பொதுமக்களின் ஜிபிஎஸ் கருவிகளில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே வைத்திருந்த பிழை 2000 மே மாதம் நீக்கப்பட்டது. ஒரு தலைமுறை மீனவர் வாழ்நாள் முழுவதும் சேர்த்து வைத்த இரகசியம், ஒரு சின்னத் திரையில் சில எண்களாக அடங்கிவிட்டது.

கூடுகிறதா, பெருகுகிறதா?

செயற்கைப் பாரில் மீன் நிறைய இருக்கிறது என்றால், மீன் அதிகமாகிவிட்டது என்று அர்த்தமா? அல்லது வேறெங்கோ பரவிக் கிடந்த மீன் ஒரே இடத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தமா? 1989-இல் ஜேம்ஸ் போன்சாக் என்ற விஞ்ஞானி இந்தக் கேள்வியை அலசி எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. இரண்டுமே ஓரளவு உண்மையாக இருக்கலாம். அது மீன் இனத்தையும் இடத்தையும், எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. ஆனால் பிடிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது என்பதுதான் ஆபத்து. தெருவில் இருந்த எல்லோரும் ஒரு கல்யாண வீட்டுக்கு வந்துவிட்டால் பந்தி நிறைந்திருக்கும். ஊரின் ஜனத்தொகை கூடிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கடலில் மட்டும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

1980-களின் கடைசியில் செய்த மதிப்பீடு ரெட் ஸ்நாப்பர் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுவிட்டதாகக் காட்டியது. இறால் வலைகளில் சிக்கிச் சாகும் குஞ்சுகளும் ஒரு பெரிய காரணம். 1990-இல் தொழில் மீனவர்களுக்கு மொத்த ஒதுக்கீடும், பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களுக்கு ஒரு நாளைக்கு 7 மீன் என்ற வரம்பும் வந்தன. அந்த 7 பின்னர் படிப்படியாகக் குறைந்து 2007-இல் 2 ஆனது.

இங்கே குளிர்காலம் வேறு வேடத்தில் திரும்பி வந்தது. ஒதுக்கீடு தீரும் வரை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்பது விதி. பருவம் ஆண்டின் தொடக்கத்தில், சரியாக நடுக்குளிரில் திறக்கும். 1992 ஜனவரி 1 அன்று திறந்த பருவம் 53 நாளில் முடிந்துவிட்டது. எல்லாப் படகும் ஒரே நேரத்தில் பாய்ந்தால் யார் வானிலை பார்ப்பார்கள்? காற்று அடித்தாலும் போயே ஆக வேண்டும், இல்லையென்றால் பங்கு பக்கத்துப் படகுக்குப் போய்விடும். மீன் ஒரே சமயத்தில் வந்து குவிந்ததால் விலையும் விழுந்தது. 2007 ஜனவரி 1 முதல் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஆண்டுப் பங்கு என்ற முறை வந்தது. அதன் பிறகு காற்று அடங்கிய நாளைப் பார்த்துக் கடலுக்குப் போக முடிந்தது. அந்தப் பங்குகள் சிலர் கையில் சேர்ந்துவிட்டன என்ற குறையும் உண்டு. ஆனால் குளிர்காலப் புயலில் ஓடும் பந்தயம் நின்றது.

காக் களவாவின் குளிர்காலம்

இந்தக் கதையில் மிகவும் பாதிக்கப்பட்டது காக் களவாதான். இந்த மீன் பிறக்கும்போது பெண். வயதும் உருவமும் கூடிய பிறகு சில மட்டும் ஆணாக மாறும். குளிர்காலத்தின் பின்பாதியிலிருந்து, ஆழ்கடல் விளிம்பில் உள்ள சில குறிப்பிட்ட பார்களில் முட்டையிடக் கூடும். ஆண் மீன்கள் ஆண்டு முழுவதும் அந்தப் பார்களை விட்டு நகர்வது அபூர்வம். பெரிய மீன், ஒரே இடம், தெரிந்த காலம். தூண்டில்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

விளைவு எண்களில் தெரிந்தது. 1970-களின் கடைசியில் காக் மீன்களில் சுமார் 17 சதவீதம் ஆணாக இருந்தன. 1990-களில் அது 2 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. பாரில் மீன் இன்னும் கூடியது, பார்ப்பதற்கு நிறைய இருப்பது போலவே இருந்தது. கூட்டத்தில் ஆண் மட்டும் இல்லை!

2000-இல் மேடிசன்-ஸ்வான்சன், ஸ்டீம்போட் லம்ப்ஸ் என்ற இரண்டு ஆழ்கடல் பகுதிகள் இதற்காகவே மூடப்பட்டன. இரண்டும் சேர்ந்து சுமார் 219 சதுர கடல் மைல். ஆனாலும் 2021-இல் வந்த மதிப்பீட்டில் காக் இனம் இன்னும் மோசமான நிலையில்தான் இருந்தது. 20 ஆண்டுகள் மூடி வைத்தும் மீளவில்லை என்றால் இழப்பு எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள்.

எண்ணிப் பார்த்தபோது

ரெட் ஸ்நாப்பரின் கதை கொஞ்சம் நல்லபடியாகத் திரும்பியது. டெக்சாஸின் ஹார்ட் ஆராய்ச்சி நிறுவனம் தலைமையில் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அமெரிக்க வளைகுடாவில் இந்த மீனை எண்ணின. 2021-இல் வந்த முடிவு: சுமார் 11 கோடி மீன்கள். அரசின் முந்தைய கணக்கைப் போல ஏறத்தாழ 3 மடங்கு. பின்னர் சில பகுதிகளின் எண்கள் திருத்தப்பட்டன. ஆனால் ஆச்சரியம் எண்ணிக்கையில் இல்லை. பெரும்பாலான மீன்கள் பெயர் தெரிந்த பார்களிலோ மூழ்கடித்த கப்பல்களிலோ இல்லை. யாரும் வரைபடத்தில் குறிக்காத, பார் என்றே சொல்ல முடியாத திறந்த கடலடியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பரவிக் கிடந்தன.

200 ஆண்டுகளாகப் பார்களை மட்டும் பார்த்துக் கடலைக் கணக்கிட்டார்கள். பாரில் மீன் இருந்தபோது கடல் நிறைந்திருக்கிறது என்றார்கள், பார் காலியானபோது அடுத்த பாருக்குப் போனார்கள். காக் விஷயத்தில் அந்தக் கணக்கு இனத்தையே ஆட்டம் காண வைத்தது. ஸ்நாப்பருக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். யாரும் தேடாத இடத்தில் அது மிஞ்சியிருந்தது. எந்தக் கணக்கில் மனிதன் ஜெயித்தான் என்று சொல்வது கஷ்டம்.

பழைய குழல் ஊசியும் திரும்பி வந்துவிட்டது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டத்தின்படி, வளைகுடாவின் கூட்டாட்சிக் கடலில் பார் மீன் பிடிப்பவர்கள், காற்றுப்பையைக் குத்தும் ஊசியையோ மீனை மறுபடி ஆழத்தில் இறக்கிவிடும் கருவியையோ படகில் தயாராக வைத்திருக்க வேண்டியதாயிற்று. அன்று ஊசி குத்தியது ஹவானா சந்தைக்கு உயிரோடு கொண்டு போக. இப்போது குத்துவது திரும்பக் கடலில் விட!

தமிழகக் கடலோரத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு கான்கிரீட் செயற்கைப் பார்கள் இறக்கப்பட்டிருக்கின்றன. இழுவலையை மறிக்கவும் சிறு மீனவர்களுக்குக் கிட்டத்திலேயே மீன் கிடைக்கவும் அவை உதவும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். அங்கே மீன் கூடும்போது, கடலில் மீன் பெருகிவிட்டதா என்ற கேள்வியையும் கூடவே கேட்டுக்கொண்டால் நல்லது. அந்தக் கேள்வியைக் கேட்க மெக்சிகோ வளைகுடாக்காரர்களுக்கு 100 ஆண்டுக்கு மேல் ஆயிற்று.